ஒருத்தன் கட்ட, ஒருத்தன் பெயர்க்க: மொராக்கோ நாட்குறிப்பு

மொராக்கோவில் ராஜ நகரங்கள் என்று நான்கைச் சொல்வார்கள். ஃபெஸ், மராகேஷ், மெக்னெஸ், ரபாத். எந்த வம்சம் ஆட்சியைப் பிடித்ததோ அது தனக்குத் தோதான ஊரைத் தலைநகராக்கிக்கொண்டதால் ஒரே நாட்டில் இத்தனை தலைநகரங்கள். கூட வந்தவன் பள்ளிக்கூடத் தோழன். மதுரை கோரிப்பாளையத்துக்காரன், திண்டுக்கல்லில் தோல் ஷாப் வைத்திருக்கிறான். ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. எனக்கு அவன் மாப்ளை, அவனுக்கு நான் மாப்ளை. அவனுக்கு ஃபெஸ் நகரத்துத் தோல் தொட்டிகளைப் பார்க்க வேண்டும். எனக்கு அரண்மனைகள். ராத்திரிகளில் எழுதியதை அப்படியே போடுகிறேன். சில நாள் நீளும், சில நாள் நாலு வரியோடு தூக்கம் வந்துவிட்டது.

நவம்பர் 8, வெள்ளி. ரபாத்

வந்து சேர்ந்தபோது கடைகள் பாதி அடைத்துக் கிடந்தன. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா முடிந்ததும் நாடே குஸ்குஸ் சாப்பிட உட்கார்ந்துவிடும் என்று விடுதிக்கார அம்மா சொன்னார். அவரே பக்கத்துத் தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையைக் காட்டினார். அங்கே என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மண் தட்டில் குஸ்குஸ் குவியல், அதன்மேல் பூசணி, கேரட், முட்டைகோஸ், கொண்டைக்கடலை, அடியில் புதைந்த மாட்டுக்கறித் துண்டு. ரவையை உப்புமாவாகக் கிண்டாமல் புட்டு மாதிரி ஆவியில் வேகவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கூடவே ஒரு டம்ளர் லெபன். வாயில் வைத்ததும் மாப்ளை நிமிர்ந்து பார்த்தான். அசல் மோர். உப்பும் பெருங்காயமும் மட்டும் இல்லை. ஆளுக்கு 50 திர்ஹாம். ஒரு திர்ஹாமுக்கு எட்டரை ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் ஹசன் கோபுரம். அல்மொஹாத் வம்சத்து யாகூப் அல்-மன்சூர் 1195 வாக்கில் ஆரம்பித்தது. உலகத்திலேயே பெரிய பள்ளிவாசல்களில் ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்று ஆசை. 1199இல் ஆள் போய்ச் சேர்ந்தார். வேலையும் அத்தோடு நின்றது. மினாரா 44 மீட்டரில் மொட்டையாக நிற்கிறது. அதற்கு முன்னால் பரந்த தளத்தில் வரிசை வரிசையாகத் தூண்கள், கூரையே இல்லாமல். 1755இல் லிஸ்பனைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் இங்கேயும் ஒரு கை பார்த்திருக்கிறது. எதிர்ப்பக்கம் ஐந்தாம் முகமது மன்னரின் சமாதி, 1971இல் முடித்தது. வெள்ளைப் பளிங்கு, பச்சை ஓடு, வாசலில் குதிரைமேல் காவலர்கள். வடிவமைத்தவர் வோ தோவான் என்ற வியட்நாமியர். சமாதிக்குள் எல்லா மதத்தவரும் போகலாம். மேல்மாடத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். கீழே ஒரு மூலையில் ஒருவர் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்.

கைப்பிடி ஓரம் நின்ற ஒரு பாட்டி நகர்ந்து எனக்கு இடம் விட்டார். “ஹிந்த்?” என்றார். தலையாட்டினேன். “ஷாருக்கான்!” என்று முகம் மலர்ந்தார். வெளியே வந்ததும் அவருடைய பேரன் ஒரு இந்திப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடிக்காட்டினான். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு வரிகூடத் தெரியவில்லை. இந்தி தெரியாத இந்தியனும் உண்டு என்பதை அந்தப் பையனுக்கு விளங்கவைக்க முடியவில்லை. எங்களை ஏதோ மோசடிக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான்.

நவம்பர் 9, சனி. ரபாத், மெக்னெஸ்

காலையில் ஊதாயாக் கோட்டை. வெள்ளைச் சுவர், இடுப்பளவுக்கு நீலம், கீழே பூ ரெக்ரெக் ஆறு கடலில் சேரும் இடம். கடற்காற்று தொப்பியைப் பறித்தது. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் 17ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறி, இங்கிருந்து கடல்கொள்ளை நடத்தியிருக்கிறார்கள். இப்போது பூனைகள் குடியேறியிருக்கின்றன.

மதிய ரயிலில் மெக்னெஸ். இந்த நாட்டில் எந்த ஊரில் இருக்கிறோம் என்று மறந்துபோனால் டாக்ஸியைப் பார்த்தால் போதும். ரபாத்தில் நீலம், மெக்னெஸில் வெளிர்நீலம், ஃபெஸில் சிவப்பு, மராகேஷில் சந்தன நிறம். சின்ன டாக்ஸியில் மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். பாதி வழியில் வேறொரு ஆளையும் ஏற்றிக்கொள்வார்கள், அது வழக்கம்.

நவம்பர் 10, ஞாயிறு. வோலுபிலிஸ், மெக்னெஸ்

பெரிய டாக்ஸி ஒன்றைப் போகவர, காத்திருக்க என்று 350 திர்ஹாமுக்குப் பேசினோம். அரைமணி நேரத்துக்கு மேல் ஒலிவ் தோப்புகள் வழியாகப் போனால் ரோமானியர்களின் வோலுபிலிஸ். மரநிழல் என்று எதுவும் இல்லை. நவம்பர் என்றாலும் வெயில் பிடரியில் அடித்தது. சாலை, வீடுகள், ஒலிவ் எண்ணெய் ஆட்டிய செக்குக் கற்கள், பேரரசர் கரகல்லாவுக்காக 217இல் எழுப்பிய வளைவு. வீடுகளுக்குக் கூரை போய்விட்டது, தரை மட்டும் இருக்கிறது. அந்தத் தரைதான் சங்கதி. பொடிக் கற்களைப் பதித்து உண்டாக்கிய சித்திரங்கள் வெட்டவெளியில் வானம் பார்த்துக் கிடக்கின்றன. ஹெர்குலிஸின் சாகசங்கள், யாழ் வாசிக்கும் ஓர்ஃபியஸ். வெயிலில் எல்லாம் மங்கிச் சாம்பலாகத் தெரிந்தது. ஒரு காவலர் பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி விசிறினார். அந்த ஒரு சாண் இடத்தில் சிவப்பும் மஞ்சளும் எழுந்து வந்தன. காயும்வரை மூன்று பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எதிர்மலையில் மூலே இத்ரீஸ் என்ற வெள்ளை ஊர். நபியின் வம்சத்தவரான முதலாம் இத்ரீஸ் 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்பாஸிய கலீபாக்களிடமிருந்து தப்பி வந்து தஞ்சம் புகுந்த இடம் இது. மொராக்கோவின் அரச கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவருடைய அடக்கஸ்தலத்துக்குள் மாப்ளை மட்டும் போய் ஓதிவிட்டு வந்தான். நான் வாசல் சந்தியில் நுகா மிட்டாயும் பேரீச்சம்பழமும் விற்பவர்களோடு இருந்தேன்.

சாயங்காலம் மெக்னெஸின் பாப் மன்சூர் வாசல். பார்த்ததுமே “காலையில பார்த்த தூணுல்ல இது?” என்றான் மாப்ளை. அதேதான். வாசலின் பளிங்குத் தூண்கள் வோலுபிலிஸிலிருந்து வந்தவை என்கிறார்கள். வந்தவை என்பது மரியாதைக்கு. 1672 முதல் 1727 வரை ஆண்ட மூலே இஸ்மாயில் இந்த ஊரைத் தலைநகராக்கியபோது, பழைய ஊர்களைக் கல்குவாரியாக நினைத்துக்கொண்டார். ரோமானியரின் கல் போதாமல், மராகேஷில் இருந்த அல் பதீ அரண்மனையைப் பளிங்கு, மரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி இங்கே கொண்டுவந்தார். வாசலை முடித்தது அவர் மகன், 1732இல். இவருக்கு அதற்கும் ஆயுள் இல்லை.

“நம்ம சொக்கநாதர் செஞ்ச வேலை” என்றான் மாப்ளை. மதுரைக்காரர்களுக்கு இந்த மனக்குறை உண்டு. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலை அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும்போது பெயர்த்துக் கொண்டுபோனார். இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்கு. பத்துத்தூண் சந்தில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே தூண்கள் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கணக்குப் பார்த்தால் சொக்கநாதரும் மூலே இஸ்மாயிலும் ஒரே காலத்தவர்கள். கடல் தாண்டிச் சொல்லி வைத்ததுபோல் இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

அரசரின் தானியக் களஞ்சியம், ஹெரி எஸ்-ஸுவானி, வாசலைவிடப் பிடித்தது. ஆள் கனத்துக்கு மேல் சுவர்கள். வெளியே வியர்த்தது, உள்ளே நாலு எட்டு வைத்ததும் சட்டை சில்லிட்டது. 12,000 குதிரைகளுக்குத் தீனி என்று கதை சொல்வார்கள். குதிரைக் கணக்கை விட்டுவிடலாம். அந்தக் குளிர்ச்சிக்கு எந்தக் கதையும் வேண்டாம்.

ராத்திரி மூடுசந்தையில் ஒலிவ் காய்களைக் கோபுரமாக அடுக்கிய கடையில், கேட்காமலே உள்ளங்கையில் ஏழெட்டு வகையை வைத்துக்கொண்டே போனார் கடைக்காரர். உப்பில் ஊறிய எலுமிச்சை கால் கிலோ வாங்கினோம். மிளகாய்ப்பொடி போட மறந்துவிட்டார்கள் என்று மாப்ளை வருத்தப்பட்டான்.

நவம்பர் 11, திங்கள். ஃபெஸ்

பழைய ஃபெஸுக்குள் வண்டி போகாது. பாப் பூ ஜெலூத் வாசலில் இறங்கினால் அதன்பின் கால்தான். இந்த வாசல் 1913இல் கட்டியது; வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. பழைய ஊர் என்று வந்தால் வாசலுக்கு நம்ம அமெரிக்கன் காலேஜ் வயசுகூட வராது போலிருக்கிறதே என்று நினைத்தேன். உள்ளே நாலு அடி வைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. ஊரே ஆயிரத்து இருநூறு வருஷத்துப் பழசு.

தள்ளுவண்டிக்காரர் பெட்டிகளுக்கு 20 திர்ஹாம் என்று ஏற்றினார்; விடுதி வாசலில் 20 என்பது ஒரு பெட்டிக்கு என்றார். மாப்ளை சிரித்துக்கொண்டே 30 கொடுத்தான். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கி நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போனார். இந்த ஊரில் பேரத்துக்குப் பிறகு கோபம் நிற்பதில்லை, அது ஒரு ஆறுதல்.

மற்றபடி ஆறுதல் குறைவு. சந்துக்குச் சந்து ஒரு பையன், “அந்தப் பக்கம் அடைச்சிருக்கு, இப்படி வாங்க” என்கிறான். எதுவும் அடைத்திருக்கவில்லை. பின்னாலேயே போனால் அவன் சித்தப்பா கடை. போனில் இருக்கும் வரைபடத்தில் நீலப்புள்ளி கூரைகளுக்கு மேல் குதித்துக் குதித்து விளையாடியது. தலா கபீரா தெருவில் இறங்கும்போது பின்னாலிருந்து “பாலக்! பாலக்!” என்று குரல். ஒதுங்கு என்று அர்த்தம். திரும்பிப் பார்க்க நேரமில்லை, சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கேஸ் சிலிண்டர் சுமந்த கழுதை என் சட்டைப்பையை உரசிக்கொண்டு போனது. அடுத்த கழுதையில் மாட்டுத்தோல்கள், ஈரம் சொட்டச் சொட்ட. மாப்ளை கும்பிடாத குறை.

தப்பிய வழியில்தான் அந்த ரொட்டி அடுப்பைப் பார்த்தோம். ஃபர்ரான் என்கிறார்கள். தெருவுக்கு ஒன்று. வீடுகளில் மாவு பிசைந்து வட்டமாகத் தட்டி, பலகையில் வைத்துத் துணி மூடி இங்கே அனுப்பிவிடுகிறார்கள். எட்டு வயசுப் பெண் ஒருத்தி தலையில் பலகையோடு வந்து இறக்கிவிட்டுப் பேசாமல் ஓடிவிட்டாள். உள்ளே குழியில் நின்ற ரொட்டிக்காரர் நீளத் துடுப்பால் ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளினார். இருபது வீட்டு மாவு ஒரே அடுப்பில். வெளியே வரும்போது எது எந்த வீட்டுடையது என்று எப்படித் தெரியும்? சைகையில் கேட்டேன். துடுப்பிலிருந்த இரண்டு ரொட்டிகளைக் காட்டினார். ஒன்றில் முள்கரண்டியால் குத்திய புள்ளிகள் சதுரமாக, இன்னொன்றில் கத்தி நுனியால் கீறிய ஒரு கோடு. பிறகு புள்ளியும் கீறலும் எதுவுமில்லாத மூன்றாவதைக் காட்டி, தன் கண்ணைத் தொட்டுக்காட்டினார். சுட்ட ரொட்டி ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. எந்த வீட்டு ரொட்டியைச் சாப்பிட்டோம் என்று தெரியாது. அந்த வீட்டுக்கு நன்றி.

நவம்பர் 12, செவ்வாய். ஃபெஸ்

மாப்ளையின் நாள். காலையில் எட்டு திர்ஹாமுக்கு பிஸாரா, காய்ந்த மொச்சை வகைப் பருப்பைக் குழைத்த கெட்டிச் சூப், மேலே ஒலிவ் எண்ணெயும் சீரகப்பொடியும். இந்த நாட்டில் மேஜையில் உப்புக்குப் பக்கத்தில் மிளகு இல்லை, சீரகம் இருக்கிறது. சுமை தூக்குபவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஷுவாரா தோல் தொட்டிகளுக்குப் போனோம்.

சுற்றியிருக்கும் தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஏறும்போதே ஆளுக்கொரு கொத்துப் புதினா கொடுத்தார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள. மாப்ளை வாங்கவில்லை. “தோல் ஷாப்காரனுக்குப் புதினாவா?” கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இழுத்து மூச்சுவிட்டான். கீழே வெள்ளைத் தொட்டிகள் ஒரு பக்கம், பழுப்பும் சிவப்புமாகச் சாயத் தொட்டிகள் இன்னொரு பக்கம். எனக்குத் தெரிந்தது நாற்றமும் நிறமும். அவன் வரிசையாகப் படித்துச் சொன்னான்: இது சுண்ணாம்பு, முடி கழற்ற. இது புறா எச்சம் கரைத்த தண்ணீர், தோல் மெதுவாக. அங்கிட்டு இருக்கிறது பட்டைத் தண்ணீரும் சாயமும். கடைக்காரர் மூட்டையைத் திறந்து காட்டினார், புறா எச்சமேதான். “எங்க தாத்தா காலத்துல ஆவாரம்பட்டை, கடுக்காய்னு இப்படித்தான். இப்ப நம்ம பக்கம் டிரம் சுத்துது, குரோம் ரசாயனம் ஓடுது” என்றான்.

ஐம்பது திர்ஹாம் கொடுத்துப் பக்கக்கதவு வழியாகக் கீழே இறங்கினோம். தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் வரப்பு, வழுக்கும். தொடையளவு சாயத்தில் நின்று தோலை மிதித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் மாப்ளை தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பாஷை இல்லை. அவர் என்ன புரிந்துகொண்டாரோ, ஒரு ஆட்டுத்தோலைப் பிழிந்து கையில் கொடுத்தார். மாப்ளை ஓரத்தை மடித்தான், கட்டைவிரல் நகத்தால் அழுத்தினான், அந்தத் தடம் மறைகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தான். தலையாட்டினான். அவரும் தலையாட்டினார். இரண்டு பேரும் அப்போதுதான் சிரித்தார்கள்.

மேலே கடைக்காரர் மஞ்சள் செருப்பு ஒரு ஜோடியை நீட்டி, இது குங்குமப்பூச் சாயம் என்றார். “குங்குமப்பூ கிராம் என்ன விலைன்னு கேளு. பூவுக்கே காசு பத்தாதே, செருப்ப எப்படி இந்த விலைக்குக் குடுக்கிறார்?” கேட்கவில்லை. இவ்வளவு நாற்றத்தின் நடுவே அவ்வளவு அழகாகப் பொய் சொல்பவரை எதற்குச் சங்கடப்படுத்துவது.

மதியம் கராவியீன். கெய்ருவானிலிருந்து வந்த வணிகர் குடும்பத்துப் பெண் பாத்திமா அல்-ஃபிஹ்ரி 859இல் நிறுவியது என்பது மரபு. பள்ளிவாசலாகவும் கல்விக்கூடமாகவும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. லுஹர் தொழுகைக்கு மாப்ளை செருப்பைக் கழற்றினான். “மீனாட்சியம்மன் கோயில்ல, நீ போயிட்டு வா, நான் இங்கனயே நிக்கிறேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இன்னிக்கு உன் முறை” என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். அது உண்மைதான். இத்தனை வருஷத்தில் உள்ளே போனபோதெல்லாம் அவன் வெளியே என்ன செய்துகொண்டிருந்தான் என்று நான் கேட்டதே இல்லை.

எதிரே தாமிரப் பாத்திரக் கடைக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அங்கிருந்து திறந்த கதவு வழியே முற்றமும் நீரூற்றும் வெள்ளைச் சுவரும் தெரிந்தன. ஒலிநாடாவில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, பூனை ஒன்று கூட்டத்தோடு உள்ளே போனது. மாப்ளை திரும்பி வந்து சொன்னது: “நிறையப் பேர் கையைக் கட்டாமத் தொங்கவிட்டு நிக்கிறாங்கடா, மாலிக்கி மத்ஹப்ங்கிற சட்டப்பிரிவு. நான் கட்டித்தான் நின்னேன். பக்கத்துல இருந்த பெரியவர் அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. எனக்கு இடம் பத்தலைன்னு பாயை மட்டும் இழுத்து விட்டாரு.”

ராத்திரி பஸ்தீயா. புறாக்கறி அடைத்த மெல்லிய அடுக்குப் பணியாரத்தின்மேல் பொடித்த சர்க்கரையும் பட்டைத்தூளும். கறிமேல் சர்க்கரையா என்று முறைத்த மாப்ளை என் பங்கையும் சாப்பிட்டான்.

நவம்பர் 13, புதன். ஃபெஸ்

விடிகாலையிலிருந்து மழை. எனக்கு விடிகாலையிலிருந்து வயிறு. இரண்டும் நிற்கவில்லை. விடுதிப் பெண்மணி ஒரு ஸ்பூன் சீரகப்பொடியைக் கொண்டுவந்து, மெல்லாமல் விழுங்கித் தண்ணீர் குடி என்று நடித்துக் காட்டினார். அம்மா சீரகத்தைக் கொதிக்க வைப்பாள், இவர் பொடியாக. மதியத்துக்குள் கேட்டது.

மழை வெறித்ததும் பூ இனானியா மதரஸாவுக்கு நடந்தோம். படிக்கட்டுத் தெருவெல்லாம் ஓடை. மரீனிய சுல்தான் அபூ இனான் 1350களில் கட்டியது. கீழே வண்ண ஓடு, நடுவில் சித்திரம் குடைந்த சுதை, மேலே தேவதாரு மரம், கண் உட்கார இடம் கிடைக்காத அளவு வேலைப்பாடு. செலவுக் கணக்கைக் கொண்டுவந்தபோது ஏட்டை வாங்கி ஆற்றில் எறிந்தார் சுல்தான் என்று ஒரு கதை.

எனக்கு இங்கே வர வேறு காரணம். தாஞ்சியரிலிருந்து 1325இல் புறப்பட்ட இப்னு பதூதா ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தபோது, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும்படி இப்னு ஜுஸய் என்ற எழுத்தரை அமர்த்தியவர் இதே அபூ இனான். எழுத்து வேலை முடிந்தது 1355இல், இந்தக் கட்டடத்தில் கொத்தனார்கள் வேலை செய்த அதே வருஷங்களில். அந்த மனிதர் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். மதுரை சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை முறை. சுல்தான் சிறைபிடித்தவர்களைப் பெண், குழந்தை என்று பாராமல் கழுவேற்றியதை அருவருப்போடு சொல்கிறார். மதுரையில் கொள்ளைநோய், படுத்தவர்கள் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்கள். அவரையும் காய்ச்சல் பிடித்தது. முடிந்தது கதை என்றிருந்தவர், அங்கே ஏராளமாகக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போய், பிழைத்துக்கொண்டார். இதெல்லாம் இந்த ஊரில் உட்கார்ந்து சொல்லப்பட்டது. அரசவையில் பலர் நம்பவில்லையாம். நான் புளி விஷயம் ஒன்றுக்காகவே முழுக்க நம்புகிறேன்.

“அவருக்கு நம்ம புளி, உனக்கு இவங்க சீரகம். கணக்கு நேராயிடுச்சு” என்றான் மாப்ளை.

நவம்பர் 14, வியாழன். ரயிலில்

மராகேஷுக்கு ஏழு மணி நேரப் பயணம் என்றார்கள். காசாபிளாங்காவைத் தாண்டி வறண்ட வெளியில் வண்டி நின்றது. நின்றதும் ஏசியும் நின்றது. ஜன்னல் திறக்காது. அரபியிலும் பிரெஞ்சிலும் அறிவிப்பு ஒருமுறை கரகரத்தது, அதற்குப்பின் யாரும் வரவில்லை, எதுவும் சொல்லவில்லை. எஞ்சின் கோளாறு, வேறு எஞ்சின் வரவேண்டும் என்று கூட இருந்த கல்லூரிப் பெண் சொல்லித்தான் தெரியும். மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது.

எட்டுப் பேர் பெட்டி. எதிரே இருந்த பாட்டி கூடையைத் திறந்து துண்டை மடியில் விரித்தார். ரொட்டி, அவித்த முட்டை, காகிதச் சுருளில் உப்பும் சீரகமும் கலந்த பொடி, கமலா ஆரஞ்சு. முதல் துண்டை எனக்கு நீட்டி “பிஸ்மில்லா” என்றார். வேண்டாம் என்றதற்குக் கோபமாகப் பார்த்தார், வாங்கிக்கொண்டேன். எட்டுப் பேருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் சாப்பிட்டார். கீழே விழுந்த ரொட்டித் துணுக்கைக் குனிந்து எடுத்து, முத்தமிட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்தார். மாப்ளை பதிலுக்குச் சாத்தூர் காரச்சேவைப் பிரித்தான். பாட்டி ஒரு பிடி வாயில் போட்டார். கண்ணில் நீர், இருமல், தண்ணீர். பெட்டி முழுக்கச் சிரிப்பு. பிறகு கையை நீட்டி இன்னொரு பிடி கேட்டார்.

நவம்பர் 15, வெள்ளி. மராகேஷ்

குளிர் விட்டது. ஊர் முழுக்கச் செம்மண் நிறம். 1070 வாக்கில் அல்மொராவிது வம்சத்தார் உண்டாக்கிய ஊர். 1147இல் அல்மொஹாதுகள் பிடித்து, அவர்களுடைய அரண்மனையை இடித்து, அந்த இடத்திலேயே பள்ளிவாசல் எழுப்பினார்கள். 77 மீட்டர் உயர குதுபியா மினாரா எங்கே திரும்பினாலும் தெரிகிறது, வழி தப்பினால் அதைப் பார்த்து நடக்கலாம். 2023 செப்டம்பர் 8 ராத்திரி நிலநடுக்கத்தில் அட்லஸ் மலைக் கிராமங்கள் அழிந்தன, மூவாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். இங்கே பழைய ஊரிலும் சில சந்துகளில் சுவருக்குச் சுவர் மரச்சட்டம் முட்டுக் கொடுத்திருக்கிறது. எங்கள் டாக்ஸிக்காரர் அந்த ராத்திரியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்.

ஜெமா எல்-ஃப்னா சதுக்கம் எனக்கு ஒட்டவில்லை. புகையும் மேளமும் பிரமாதம். சங்கிலியில் குரங்கைக் கட்டி இழுத்து வந்து தோளில் ஏற்றிவிட்டுக் காசு கேட்பது அசிங்கம். சாப்பாட்டுக் கடையில் கேட்காமல் வைத்த ரொட்டி, ஒலிவ், தக்காளிச் சட்னி எல்லாவற்றுக்கும் பில் போட்டு, 180 வரவேண்டிய இடத்தில் 260 என்றார்கள். 200இல் முடிந்தது. ஃபெஸ் தள்ளுவண்டிக்காரரின் நெஞ்சில் கைவைத்த சிரிப்பு இங்கே இல்லை. பத்து திர்ஹாம் ஆரஞ்சுச் சாறு மட்டும் சொன்ன விலைக்கு, கண் முன்னால் பிழிந்தது.

நவம்பர் 16, சனி. மராகேஷ்

மெக்னெஸில் பொருளைப் பார்த்தாயிற்று, இன்று பறிகொடுத்த வீடு. 1578இல் மூன்று அரசர்கள் செத்த போரில் போர்த்துகீசியரை வென்ற சூட்டோடு ஸாதியன் வம்சத்து சுல்தான் அஹ்மத் அல்-மன்சூர் அல் பதீயை ஆரம்பித்தார். பிணைக்கைதிகளை விடுவித்துக் கிடைத்த பணம். இத்தாலியப் பளிங்குக்கு எடைக்கு எடை சர்க்கரை கொடுத்தார்கள் என்பார்கள். திறப்புவிழாவில் சுல்தான் தன் விகடகவியிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். “இடித்தால் நல்ல பெரிய மண்மேடாகும்” என்றாராம் அவர். நூறு வருஷம் கழித்து மூலே இஸ்மாயிலின் ஆட்கள் வந்தார்கள்.

அந்த விகடகவி சொன்னது அப்படியே இருக்கிறது. பிரம்மாண்டமான முற்றம், நடுவில் நீளக் குளம், தரைமட்டத்துக்குக் கீழே ஆரஞ்சு மரங்கள், நாலு பக்கமும் தோலுரித்த மண்சுவர்கள். சுவர்களில் சாரம் கட்டிய துளைகள் வரிசையாக. பளிங்கு ஒட்டியிருந்த இடங்களில் சுண்ணாம்புப் பூச்சின் விளிம்பு மட்டும் மிச்சம். சுவர் உச்சிகளில் நாரைக் கூடுகள். ஒரு அறையில் 1137இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் செய்யத் தொடங்கிய மர மிம்பர், அதாவது பள்ளிவாசல் பிரசங்க மேடை, விரல் நகமளவுத் துண்டுகளாகச் செதுக்கிக் கோத்தது. அல்மொராவிதுகளின் பள்ளிவாசலுக்கு வந்தது. அல்மொஹாதுகள் ஊரைப் பிடித்ததும் தங்கள் குதுபியாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். “இவங்க மட்டும் யோக்கியமா?” என்றான் மாப்ளை. காலியான இந்த முற்றம், முழுசாக நிற்கும் மற்ற எல்லா அரண்மனைகளையும்விட எனக்குப் பிடித்திருந்தது. அழகு என்பதால் அல்ல. கட்டடம் எப்படி நின்றது என்பது உரித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அதே ஸாதியன் வம்சத்தவரின் கல்லறைகளை மூலே இஸ்மாயில் தொடவில்லை, சுவர் எழுப்பி மறைத்துவிட்டார். அரண்மனையைக் கழற்றினாலும் செத்தவர்களைக் கழற்ற மனசு வரவில்லை போலும். 1917இல்தான் மறுபடி வெளியே தெரிந்தது. பன்னிரண்டு தூண் மண்டபத்தை ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்க அரைமணி நேரம் வரிசை. பின்னால் நின்ற ஒரு கூட்டம் என் காலை மூன்று தடவை மிதித்தது.

மாலையில் தோல் சந்தை. மாப்ளை ஒரு பெல்ட்டை எடுத்து மோந்தான், ஓரத்தைக் கிள்ளினான், “குரோம்” என்றான். கடைக்காரர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் டீ வந்தது. பச்சைத்தோல் இங்கே என்ன விலை, அங்கே என்ன விலை, பட்டையில் பதனிட எத்தனை நாள் என்று இரண்டு பேரும் விரலாலும் கால்குலேட்டராலும் பேசினார்கள். எனக்கு மூன்றாவது டம்ளர் புதினா டீ, பல் கூசும் சர்க்கரை. கடைசியில் கடைக்காரர் உள்ளே போய், பட்டையில் பதனிட்டது என்று சத்தியம் செய்து வேறொரு பெல்ட்டைக் கொண்டுவந்தார். மாப்ளை மடித்தான், நகத்தால் அழுத்தினான், ரொம்ப நேரம் பார்த்தான். 320 சொன்னதை 180க்குப் பேசி வாங்கி, அங்கேயே இடுப்பில் மாட்டிக்கொண்டான்.

“ஊர்ல உன் ஷாப்லயே இல்லாத பெல்ட்டா?” என்றேன்.

“இருக்கு. அது நான் விக்கிறது” என்றான்.